ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிக்கும் தேசம்

இதை எழுதினால் மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த கராஜ்காரர்கள் சிலர் இனி என் காரைத் தொடமாட்டார்கள். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். முப்பது வருடங்களாகப் பத்திரிகையில் அரசாங்கத்தையும் அரசியல்வாதிகளையும் கண்டித்து எழுதியவனுக்கு, தன் காரைத் திருத்துகிறவரைப் பற்றி எழுத மட்டும் தயக்கம் வருவது சிரிப்புக்குரிய விடயந்தான். அமைச்சரைப் பகைத்தால் நாளைக்கு வேறொரு அமைச்சர் வருவார். மெக்கானிக்கைப் பகைத்தால் யார் வருவார்?

சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 ஆவணி மாதம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. கிழக்கிலே பிறந்தவர்களுக்குக் கச்சானை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டுக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு, வெறும் சூட்டை மட்டும் சுமந்துகொண்டு எங்கள் பக்கம் வந்து இறங்கும். அதுதான் கச்சான். வீட்டுச் சுவரைத் தொட்டாலும் கை சுடும் காலம் அது. வாழைச்சேனையிலிருந்து என் மூத்த அக்காவை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி 1990ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா. யுத்தம் முடிந்த வருடம் வாங்கியது. அப்போதே அதற்குப் பத்தொன்பது வயது.

கிரானை எட்டுவதற்குள் ஏசி வெந்நீர்ப்பானையின் வாய்போல ஊதத் தொடங்கியது. "தம்பி, கண்ணாடியத் திறடா. மூச்சி முட்டுது" என்றார் அக்கா. திறந்தால் கச்சான். மூடினால் அடுப்பு.

இது முதல் தடவை அல்ல. அதற்கு முந்திய பதினெட்டு மாதங்களில் மூன்று தடவை இதே ஏசிக்குப் பணம் கொடுத்திருந்தேன். மூன்று தடவையும் ஒரே கராஜ். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அவர் ஒருவர் மட்டும் குற்றவாளியாகி மற்ற எல்லோரும் தப்பிவிடுவார்கள். மூன்று தடவையும் எனக்குக் கிடைத்த நோய் நிர்ணயம் ஒன்றேதான்: "காஸ் முடிஞ்சி போச்சி சேர். அடிச்சி விட்டாச் சரி."

அடித்துவிட்டார். சரியானது. ஐந்து மாதம் கழித்து மறுபடியும் முடிந்துபோனது. மறுபடியும் அடித்தார்.

இந்த வசனத்தைத்தான் இன்று நான் பிடித்துக்கொள்கிறேன். "காஸ் முடிஞ்சி போச்சி." இதைவிடப் பெரிய பொய் எங்கள் வாகனத் தொழிலில் கிடையாது. சொல்கிறவர் தெரிந்து சொன்னாலும் பொய். தெரியாமல் சொன்னாலும் பொய். ஏசியிலுள்ள வாயு பெற்றோல் அல்ல, எரிந்து முடிவதற்கு. கொம்பிரசர் அதை அழுத்துகிறது. முன்பக்கத்துக் கொண்டென்சரில் அது சூட்டை வெளியே கொடுத்துத் திரவமாகிறது. சிறிய வால்வு ஒன்றினூடாக விரிந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் சூட்டை உறிஞ்சி மீண்டும் வாயுவாகிறது. திரும்பவும் கொம்பிரசருக்குப் போகிறது. அதே வாயு, அதே பாதை, வருடக் கணக்கில். உடம்பில் இரத்தம் ஓடுவதைப்போல. இரத்தம் குறைந்துபோனவனைப் பார்த்து "இரத்தம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு போத்தல் ஏற்று" என்று சொல்லிவிட்டு, எங்கே வடிகிறது என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பும் வைத்தியரை நாம் என்ன செய்வோம்? ஊர் கூடிக் கல்லெறியமாட்டோமா? காருக்கு மட்டும் நன்றி சொல்லிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களில் வருடத்துக்குச் சிறிதளவு கசிவது இயல்புதான். ஐந்து மாதத்தில் வெறுமையாவது கசிவல்ல, ஓட்டை. அந்த ஓட்டையோடு ஓடவிட்டால் வாயு மட்டும் போவதில்லை. கொம்பிரசருக்கு வேண்டிய எண்ணெயைச் சுமந்து திரிவதும் அந்த வாயுதான். வாயு குறைந்தால் எண்ணெய் திரும்பி வராது. எண்ணெய் வராவிட்டால் கொம்பிரசர் உள்ளுக்குள்ளே உராய்ந்து செத்துப்போகும். ஆகவே மலிவு என்று நினைத்து நாம் செய்கிற வேலை, அந்த முழு அமைப்பிலும் விலை கூடிய பாகத்தைக் கொல்லுகிற வேலை.

நிற்க. கிரானுக்கு வருகிறேன்.

திருகோணமலை வீதியோரத்தில், ஒரு வேப்பமரத்தின் கீழ் தகரக் கொட்டில். அங்கே ஓர் இளைஞர். வளைகுடா நாடு ஒன்றில் ஒன்பது வருடம் வாகன ஏசி வேலை மட்டுமே செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அக்காவை நிழலில் கதிரை போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பொனட்டைத் திறந்தார். "எத்தன தரம் காஸ் அடிச்ச சேர்?" என்று கேட்டார். மூன்று என்றேன். சிரித்தார். "காஸ் முடியிற சாமான் இல்ல சேர். போன வழியப் பாக்கணும்." சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த பஞ்சை எடுத்து ஒவ்வொரு பொருத்தாகத் தடவிக்கொண்டு போனார். கொண்டென்சருக்குப் போகும் குழாயின் பொருத்தில் நுரை மெல்ல மெல்லக் குமிழிட்டது. உள்ளே இருந்த ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. அதன் விலை ஒரு பிளேன்டீக்கும் இரண்டு வடைக்கும் போகிற காசு. கண்டுபிடிக்க ஆன நேரம் இருபது நிமிடம்.

பதினெட்டு மாதம், மூன்று தடவை, ஒருவருமே அந்த இருபது நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. நானும் செலவழிக்கச் சொல்லவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இது ஒரு கராஜ்காரரைத் திட்டும் பதிவாகவே முடிந்திருக்கும். முடியவில்லை. ஓ-ரிங்கை மாற்றவேண்டுமானால் உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுவை எடுக்கவேண்டும். இளைஞர் திருகியைக் கையில் எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு வால்வைத் திறந்தார். "ஸ்ஸ்ஸ்" என்ற சத்தம். அரை நிமிடம். வேப்பமரத்துக்கு மேலே எல்லாம் போய்விட்டது.

நான் கேட்டேன்: "தம்பி, அங்கயும் இப்பிடித்தான் திறந்து விடுவீங்களா?"

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அங்க இப்பிடித் திறந்தா அண்டைக்கே வீட்ட போகணும் சேர். மெசினால இழுத்து சிலிண்டர்ல சேக்கிற. இஞ்ச மெசினுக்கு நான் எங்க போற?"

அதே கை. அதே அறிவு. அங்கே சட்டத்தை மதிக்கிறது. இங்கே வானத்தில் திறந்து விடுகிறது. இந்தப் பதிவு அந்தக் கையைப் பற்றியதல்ல. அந்தக் கையை இப்படி வைத்திருக்கிற நம்மைப் பற்றியது.

அந்தச் சத்தத்தின் வரலாறு

அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற வேதியியலாளரின் குழு 1928இல் உருவாக்கிய வாயுதான் பின்னாளில் ஆர்-12 ஆனது. எரியாது, நஞ்சில்லை. அதைக் காட்டுவதற்காக 1930இல் விஞ்ஞானிகளின் கூட்டம் ஒன்றில் அவர் அந்த வாயுவை மூச்சாக இழுத்து, ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். உலகம் கைதட்டியது. 1974இல் மொலினாவும் றோலண்டும் அந்த வாயுவின் இன்னொரு முகத்தை எழுதினார்கள்: கீழே எதனோடும் சேராத இந்த வாயு மேலே போய்ச் சூரிய ஒளியில் உடைந்து ஓசோனைத் தின்னும் என்று. அதற்காக 1995இல் அவர்களுக்குப் போல் குருட்சனுடன் சேர்த்து நொபெல் பரிசு கிடைத்தது. இடையில் 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் துவாரம் பற்றிய செய்தி வந்தது. 1987 செப்ரெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை. இலங்கை 1989இலேயே அதில் சேர்ந்துவிட்டது. வளர்முக நாடுகளிலும் 2010 தொடக்கம் இந்த வகை வாயுக்களின் உற்பத்திக்கும் பாவனைக்கும் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கையும் தீர்த்துவிட வேண்டும். 2001 ஒக்டோபரில் அந்த உடன்படிக்கை நாடுகளின் பதின்மூன்றாவது கூட்டம் கொழும்பிலேயே நடந்தது. கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். உலகப் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்தார்கள். ஆங்கில அறிக்கை என் மேசைக்கும் வந்தது. நான் அதை நான்கு பந்தியாகச் சுருக்கி உள்பக்கத்தில் போட்டேன். யுத்தச் செய்திகளுக்கு நடுவே வானத்தில் உள்ள ஓட்டையைப் பற்றி யாருக்கு அக்கறை என்று நினைத்தேன். கராஜ்காரர்களில் ஒருவரைக்கூடக் கேட்டு எழுதவில்லை. காஸ் அடிக்கிற மெக்கானிக்குக்கு இந்த வரலாறு தெரியாதென்றால், அதை அவருக்குச் சொல்லவேண்டிய வேலையில் இருந்தவர்களில் நானும் ஒருவன். சொல்லவில்லை.

ஆர்-12 போன பிறகு வந்தது ஆர்-134ஏ. 1990களின் நடுப்பகுதிக்குள் புதிய கார்கள் எல்லாம் அதற்கு மாறிவிட்டன. அது ஓசோனைத் தொடாது. ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருடக் கணக்கில் ஏறத்தாழ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஆர்-12 அதைவிட மோசம்; 10,900 கிலோ. இதனால்தான் 2016இல் கிகாலியில் உடன்படிக்கையைத் திருத்தி, ஆர்-134ஏ குடும்பத்தையும் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். இலங்கை 2018இல் அதையும் ஏற்றுக்கொண்டது. கையெழுத்துப் போடுவதில் நம்மை யாரும் மிஞ்சமுடியாது.

எண்கள் சலிப்பூட்டும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நாமெல்லாம் அனுபவித்த ஒரு கணக்கில் சொல்கிறேன். ஒரு காரின் ஏசிக்கு 700 கிராம் ஆர்-134ஏ என்று வைத்துக்கொள்வோம். அதை வானத்தில் விட்டால் ஒரு தொன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் வருவது ஏறக்குறைய 2.3 கிலோ. அதாவது ஒரு தடவை "ஸ்ஸ்ஸ்" என்றால் 435 லீற்றர் பெற்றோலை ஒரே இடத்தில் ஊற்றிக் கொளுத்தியதற்குச் சமம். 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி வரிசையில் நின்றோமே, அப்போது ஒரு காருக்குக் கிழமைக்குக் கிடைத்தது 20 லீற்றர். ஒரு "ஸ்ஸ்ஸ்", இருபத்தொரு கிழமைப் பெற்றோல். என் கார் மூன்று தடவை வெறுமையானது. அப்படியானால் ஒரு வருடத்துக்கும் மேலான பங்கீட்டுப் பெற்றோலை நான் ஓர் அடிகூட ஓடாமல் எரித்திருக்கிறேன். ஒரு லீற்றருக்காக இரவிரவாக வரிசையில் படுத்துக் கிடந்த நான்!

"134 போட்டாச்சி"

என் காரை எனக்கு விற்றவர் பெருமையோடு சொன்னார்: "ஏசி எல்லாம் 134க்கு மாத்தியாச்சி." கிரான் இளைஞர் திறந்து காட்டினார். குழாய் வாயில் பழைய ஆர்-12இன் திருகுப் பொருத்துத்தான் இன்னமும் இருந்தது. 134க்குரிய பொருத்தியைக் காணோம். எந்த வாயு, எவ்வளவு, என்ன எண்ணெய் என்று ஓர் எழுத்து எங்கும் இல்லை. மூன்று தடவை எனக்கு அடித்தது என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மேலே போட்ட கணக்குக்கூட அது 134 என்ற நம்பிக்கையில் போட்டதுதான்.

மாற்றுவது என்றால் என்ன? வாசகர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது; பேரம் பேச உதவும். ஆர்-12 காலத்துக் கனிய எண்ணெய் 134உடன் கலந்து ஓடாது. ஆகவே பழைய எண்ணெயை முடிந்தவரை வடித்து, எஸ்டர் அல்லது பேக் வகை எண்ணெய் விடவேண்டும். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் போத்தலை மாற்றவேண்டும். பொருத்துகளில் ஓ-ரிங்குகளை 134க்கு ஏற்றதாக மாற்றவேண்டும். வெக்குவம் பம்ப் பூட்டி அரை மணி, முக்கால் மணி நேரம் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கவேண்டும். ஈரம் மிஞ்சினால் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பிறகு வாயுவைத் தராசில் நிறுத்து விடவேண்டும்; பழைய ஆர்-12 அளவில் எண்பது முதல் தொண்ணூறு வீதம் போதும். 134 சற்றுக் கூடிய அழுத்தத்தில் ஓடுவதால் கொண்டென்சர் சுத்தமாகவும் விசிறி பலமாகவும் இருக்கவேண்டும். கச்சான் காலத்தில் இது மிக முக்கியம். கடைசியாக, பழைய வாயுவைத் தவறுதலாகவும் யாரும் விடமுடியாதபடி புதிய பொருத்தியைப் பூட்டி, பொனட்டுக்குக் கீழே விபரம் எழுதிய ஒரு துண்டை ஒட்டவேண்டும்.

நமது ஊரில் நடப்பது? ஒரு சிலிண்டர், ஒரு குழாய், கேஜ் முள்ளைக் கண்ணால் பார்த்து ஒரு மதிப்பீடு. "134 போட்டாச்சி." முடிந்தது.

இதிலும் கீழான ஒன்று உண்டு. அதை எழுதக் கை கூசுகிறது; எழுதாவிட்டால் குற்றம். சமையல் காஸை ஏசிக்கு அடிக்கும் வேலை. "நல்லாக் குளிரும் சேர், செலவும் குறைய" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். குளிரும், பொய்யில்லை. புரொப்பேனும் பியூட்டேனும் குளிரூட்டக்கூடிய வாயுக்கள்தாம். இன்றைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது சில பத்துக் கிராம், அதற்கென்றே செய்து அடைத்து மூடப்பட்ட பெட்டிக்குள். இங்கேயோ ஓட்டை இருக்கிறதென்று தெரிந்த, முப்பது வருடப் பழைய குழாய்களுக்குள் சில நூறு கிராம். அதன் கூலிங் கொயில் இருப்பது நமது முழங்காலுக்கு முன்னால். காற்றில் இரண்டு வீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு. கண்ணாடி மூடிய கார். பின் ஆசனத்தில் பிள்ளைகள். 2021 கடைசியில் நாடெங்கும் சமையல் அடுப்புகள் வெடித்த செய்திகளை நாம் மறந்துவிட்டோமா? சிலிண்டருக்குள் எந்த வாயு எத்தனை வீதம் என்று நாடே விவாதித்ததே! அந்தச் சிலிண்டரைத்தான் இவர்கள் காருக்குள் அடிக்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சிலிண்டரின் விலை என்ன என்பதை உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2011இல் 134 என்ற பெயரில் விற்ற போலி வாயுவை அடித்த கப்பல் குளிர்க்கொள்கலன்கள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலுமாக மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தப் போலி வாயு அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் பொருளாக மாறியிருந்தது. செத்தது முதலாளி அல்ல. போலி வாயுவைச் செய்தவனும் அல்ல. திருகியைக் கையில் பிடித்திருந்தவர்கள்.

சமாளிப்பு

ஏன் இப்படி ஆனோம்? மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். நான் வேறொன்றைச் சொல்கிறேன். பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய கார்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். படுவான்கரையிலும் அதற்குக் குறையாத வித்தைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது வீரம். ஐயமே இல்லை. ஒன்றும் கிடைக்காத காலத்தில் கிடைத்ததை வைத்து உயிர்வாழ்ந்த ஒரு சமூகத்தின் கைத்திறன். நான் அதைப் புகழ்ந்து எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

ஆனால் யுத்தம் முடிந்தது 2009இல். அந்தக் காலத்தில் நம்மைக் காப்பாற்றிய சமாளிப்பு, இன்று நம்மை ஏமாற்றும் சமாளிப்பாக மாறிவிட்டது. அன்று ஓ-ரிங் கிடைக்காது, ஆகவே சமாளித்தோம். இன்று ஓ-ரிங் கடையில் இருக்கிறது. தேட நேரமில்லை என்பதற்காகச் சமாளிக்கிறோம். அன்று சமாளித்தவன் தன் உயிரைப் பணயம் வைத்தான். இன்று சமாளிப்பவன் வாடிக்கையாளனின் பிள்ளைகளைப் பணயம் வைக்கிறான். இரண்டும் ஒன்றல்ல. வீரத்தின் பெயரால் சோம்பலை மன்னிக்க முடியாது.

வாடிக்கையாளனும் சுத்தமானவன் அல்ல. "லீக் பாக்கிறதுக்குத் தனிக் காசு" என்று ஒரு மெக்கானிக் சொன்னால், "அடுத்த கராஜில் காஸ் மட்டும் அடித்துத் தருவான்" என்று வண்டியைத் திருப்புகிறவர்கள் நாம்தானே? நேர்மையானவனைப் பட்டினி போட்டுவிட்டு, நேர்மை இல்லையே என்று புலம்புகிறோம். கிரான் இளைஞர் சொன்னார், லீக் பார்க்கவேண்டும் என்று சொன்னால் பத்துப் பேரில் ஏழு பேர் போய்விடுவார்களாம். மிஞ்சும் மூன்று பேரை நம்பி அவர் எந்த வங்கியில் கடனெடுத்து மெசின் வாங்குவது?

இந்தப் பக்கத்தை ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து வாசிக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாழும் நாடுகளில் இந்த வாயுவை வேண்டுமென்று வெளியே விடுவது குற்றம்; அமெரிக்காவில் 1992இலிருந்தே அதற்குத் தடை வந்துவிட்டது. ஐரோப்பாவில் தகைமைச் சான்றிதழ் இல்லாதவர் காரிலிருந்து இந்த வாயுவை எடுக்கவே கூடாது. ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊருக்கு வந்து டொல்பின் வானை ஹயருக்குப் பிடித்து, "அண்ண, ஏசி காணாது" என்று சொல்கிறபோது, அந்தச் சாரதி அன்றிரவே எங்கேயோ போய்க் காஸ் அடித்துக்கொண்டு வருகிறார். உங்கள் குளிரின் விலை அது. ஊரிலுள்ள ஒரு தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் ஒரு நல்ல மெசின், ஒரு கோயில் கோபுரத்துக்குப் பூசும் வர்ணத்தை விடக் குறைந்த செலவு. கோபுரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெசினும் வேண்டும் என்கிறேன்.

"எங்கட சின்னக் காரால உலகமா கெடப் போகுது?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பணக்கார நாடுகள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு இப்போது ஏழைக்குப் பாடம் சொல்கின்றன என்ற வாதமும் வரும். அதில் பாதி உண்மை. கெடுத்தது பெரும்பாலும் அவர்கள்தாம். ஆனால் இந்த உடன்படிக்கையைப் பொறுத்தவரை அந்த வாதம் அரைகுறை. வளர்முக நாடுகளுக்குப் பத்து வருட அவகாசம் கொடுத்ததும் இதே உடன்படிக்கைதான். 1990இல் லண்டனில் முடிவெடுத்து, மாறுவதற்கான செலவுக்குப் பணக்கார நாடுகள் பணம் போடும் நிதியம் ஒன்றை உருவாக்கியதும் இதேதான். 2009இல் உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்துவிட்ட முதல் ஒப்பந்தமும் இதுதான். பலனும் கிடைத்திருக்கிறது: இப்படியே போனால் 2066 அளவில் அந்தாட்டிக்காவின் மேலேயும் ஓசோன் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். மனிதன் செய்த கேட்டை மனிதனே திருத்தத் தொடங்கிய அபூர்வமான கதை அது. அதில் நமது பங்கு, திருத்தமா, ஓட்டையா?

மற்றது, "பழைய காரை வைத்திருந்தால் இப்படித்தான், புதுசு வாங்கு" என்கிற அறிவுரை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவின் வாசலிலே வரி நிற்கிறது. நம் பகுதியில் பழைய காரும் பழைய வானும் இன்னும் பல வருடம் ஓடும். ஓடவும் வேண்டும். நோயாளியைக் கொண்டுபோவதும், கட்டுநாயக்கவுக்கு வெளிநாட்டுப் பயணிகளை இரவிரவாக ஏற்றிப்போவதும் அவைதான். பழையதை ஒழுங்காகத் திருத்தி ஓட்டுவது புதியதை வாங்குவதற்குக் கீழானதல்ல. ஒழுங்காக என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

சுற்றாடல் அமைச்சின் கீழ் தேசிய ஓசோன் அலகு இருக்கிறது, பயிற்சிகளும் நடத்தியிருக்கிறது. வாயு இறக்குமதிக்கு அனுமதி முறையும் இருக்கிறது. துறைமுகத்தில் இருக்கும் சட்டம் கிரானின் வேப்பமரம் வரை வரவேண்டும் என்பதுதான் என் வழக்கு. நான் கேட்பது அதிகமில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் சிறிய கராஜ்கள் நாள் வாடகைக்கு எடுக்கக்கூடியதாக வாயு மீட்கும் மெசின்கள் சில. வளைகுடாவில் வேலை பழகி வந்தவர்களின் அனுபவத்தை மதித்துத் தமிழிலேயே சோதித்துக் கொடுக்கும் தொழிற் தகைமைச் சான்றிதழ். ஒவ்வொரு சிலிண்டரிலும் தமிழில் பெயர். ஏசியில் கைவைத்த ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயமாக ஒரு விபரத் துண்டு.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாம் நான்கு கேள்வி கேட்கலாம். எங்கே லீக்? என்ன வாயு? எத்தனை கிராம்? வெக்குவம் எவ்வளவு நேரம்? நான்குக்கும் பதில் சொல்லுகிறவருக்குக் கேட்ட பணத்தைக் கொடுங்கள். "அதெல்லாம் பாக்கத் தேவல்ல சேர்" என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். வேர்த்தாலும் பரவாயில்லை.

என் கார் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதே கிரான் இளைஞர்தான் செய்தார். வெக்குவம் பம்பை ஏறாவூரிலிருந்து இரவல் வாங்கி வந்தார். இரண்டு நாள் எடுத்தார். எண்ணெய், ட்ரையர், ஓ-ரிங்குகள், பொருத்தி எல்லாம் மாற்றி, வாயுவைத் தராசில் வைத்து நிறுத்து விட்டார். நான் மூன்று தடவை காஸுக்குக் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் செலவானது. அந்தக் கணக்கை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் வாயுவின் பெயர், நிறை, எண்ணெய், திகதி எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் தமிழில் எழுதி, மேலே டேப் ஒட்டி, பொனட்டுக்கு உட்புறம் பதித்துவிட்டார். "மறுகா ஆர் திறந்தாலும் தெரியட்டும் சேர்" என்றார்.

உங்கள் பொனட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே அப்படி ஒரு துண்டு இல்லையென்றால், நீங்கள் வாங்கியது குளிர் அல்ல. ஐந்து மாதத் தவணையில் ஓர் ஓட்டை.